அத்தை அனுப்பும் பொட்டலங்கள்

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

விவாகரத்து ஆன பிறகு முன்னாள் மாமியாருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் உங்கள் வீட்டில் விட்டுவிட்டு வந்த கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதில் நான் போட்டுவைத்த, வேற்றுக்கிரகத்தில் ஆள் இருக்கிறார்களா என்று தேடும் புரோகிராம் ஒவ்வொரு வேலையையும் முடித்து அனுப்பும்போது என் கணக்கில் ஒன்று கூடும். அந்தக் கணக்கை இன்டர்நெட்டில் எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம். நான் வேலை செய்யும் லேப் பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டர் இருக்கிறது. போன வாரம் வேறு காரியமாகப் போனவள், சும்மா என் கணக்கைத் திறந்து பார்த்தேன். நான் வீட்டை விட்டுக் கிளம்பிய நாளோடு அது நின்றிருக்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. முந்தின நாள் காலையில்கூட ஒன்று வந்திருந்தது.

அது தானாக வராது. வேலை முடிந்ததும் "அனுப்பட்டுமா?" என்று திரையில் ஒரு பெட்டி வரும். யாராவது "சரி" என்று அழுத்த வேண்டும். உங்கள் மகன் வேறு ஊரில் வேறு வீட்டில் இருக்கிறார். அந்த வீட்டில் இருப்பது நீங்கள் ஒருவர்தான். இதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த மெஷினை வைத்து நீங்கள் என்னைப் பேசிய பேச்சு எனக்கு மறக்கவில்லை. "ஆளே இல்லாத ஊருக்கு எதுக்கு நம்ம வீட்டு கரண்டு?" என்று கேட்டீர்கள்.

எனக்காக என்று நினைத்து நீங்கள் எதையும் சுமக்க வேண்டாம். அணைத்துவிடுங்கள். யாருக்காவது கொடுத்துவிட்டாலும் சரி. அதை அணைக்கும் முறையைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு என்று எழுதிவிட்டேன். அதற்குக் கீழே என்ன போடுவது என்று தெரியவில்லை.

*

பிப்ரவரி 17

அம்மாடி,

"மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு" என்று ஆரம்பித்து எனக்குக் கடிதம் போடுகிறவர்கள் இரண்டே பேர். ஒன்று பென்ஷன் ஆபீஸ், இன்னொன்று தண்ணீர் வரி ஆபீஸ். மூன்றாவதாக நீயும் சேர்ந்துகொண்டாய். கோர்ட்டில் தீர்ப்பு எழுதியது உனக்கும் அவனுக்கும். எனக்கு ஒரு பேப்பரும் வரவில்லை. ஆகவே நான் அத்தையாகத்தான் இருக்கிறேன். வேண்டுமென்றால் கூப்பிடு, வேண்டாமென்றால் விடு, ஆனால் தண்ணீர் வரி மாதிரி எழுதாதே.

போன் வீட்டிலேயே இருக்கிறது, நீ ஏன் கடிதம் எழுதினாய் என்று கேட்கப் போவதில்லை. எழுதியதே நல்லது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவளுக்குத் தெரியும், போனில் முக்கியமான விஷயம் பேசக்கூடாது. நடுவில் யாராவது ஒருத்தி கேட்டுக்கொண்டிருப்பாள். நானே அந்த ஒருத்தியாக இருந்தவள்தான்.

மெஷின் விஷயம். நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று அது ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து அவன் வந்து, "இத ஏம்மா ஓட விட்டிருக்கே? வித்துடறேன்" என்றான். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்றான். காரணம் சொல்லத் தெரியவில்லை, "இருக்கட்டும் விடு" என்றேன். பிறகு யோசித்துப் பார்த்தால் காரணம் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் ஒரு லைனில் பேச்சு நின்றுபோனால், இரண்டு பேரை இணைக்க போர்டில் செருகியிருக்கும் வயரை, கார்டு என்போம், உடனே உருவிவிடக்கூடாது. லைன்ல இருக்கீங்களா, லைன்ல இருக்கீங்களா என்று மூன்று முறை கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால்தான் உருவலாம். இந்த மெஷினிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியாது. கேட்காமல் உருவ மனசு வரவில்லை.

அந்தப் பெட்டி வந்ததும் "சரி" என்று அழுத்துகிறேன். அழுத்தியதும் போன் லைனைப் பிடித்துக்கொண்டு கீச் கீச்சென்று ஒரு சத்தம் போடுகிறதே, அதைக் கேட்கவே அழுத்துகிறேன் என்றும் வைத்துக்கொள். நீ இருந்தபோது அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது. இப்போது வீட்டில் வேறு சத்தம் இல்லை.

அணைக்கும் முறை எழுதிய தாள் கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். எனக்கு வேண்டியது வேறு. திரையில் கலர் கலராக மேடு பள்ளமாக ஒரு படம் வருகிறது. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் மெஷின் தூங்கிவிடக் கூடாதே என்று அடிக்கடி மௌஸை அசைத்து வைத்தால் படம் ஓடிப்போய்விடுகிறது. நான் என்ன தப்பு செய்கிறேன்? அது உண்மையில் என்னதான் வேலை செய்கிறது? எழுது.

அத்தை

*

மார்ச் 1

அத்தைக்கு,

நீங்கள் மௌஸை அசைக்கிற கதையைப் படித்து லேபில் சிரித்தேன். கையில் யாருடைய கடைவாய்ப் பல்லோ இருந்தது, கீழே போட்டிருப்பேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நான் பல் செட் செய்கிற வேலையில் இருப்பவள். இப்போது இருக்கும் லேபில் நான்கு பேர். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நாங்கள் மெழுகில் செதுக்கி, பிறகு பல்லாக வார்த்துத் தருவோம்.

அத்தை, அந்த மெஷின் தூங்காது. நீங்கள் தொடாமல் இருக்கும்போதுதான் அது வேலையே செய்யும். மௌஸை அசைத்தால், வீட்டுக்காரர் வந்துவிட்டார், நம்மை ஏதோ கேட்கப் போகிறார் என்று கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிடும். படம் போவது அதனால்தான். நீங்கள் அக்கறையோடு எழுப்பி எழுப்பி விட்டுக்கொண்டிருந்தால், பாவம், அது எப்போது வேலை பார்க்கும்? போகிற போக்கில் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

என்ன வேலை என்று கேட்டீர்கள். எங்கோ மலைகளுக்கு நடுவே பெரிய தட்டு ஒன்று வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிறது. மேலேயிருந்து வருகிற ரேடியோ இரைச்சலையெல்லாம் அது பிடித்துச் சேர்க்கிறது. அந்த இரைச்சலுக்குள் தானாக உண்டாக முடியாத ஒரு சத்தம், யாரோ வேண்டுமென்றே அனுப்பியது போல ஒழுங்கான ஒன்று, இருக்கிறதா என்று தேட வேண்டும். சேர்ந்திருப்பதோ கொள்ளை கொள்ளையாக. அந்த ஆராய்ச்சிக்காரர்களிடம் இருக்கும் கம்ப்யூட்டர்கள் பத்தாது. அதனால் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, எங்களைப் போல விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்கள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நம் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் பொட்டலத்தைப் பிரித்துத் தேடிப் பார்த்து, முடிவைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்ளும். உலகம் பூராவும் லட்சக்கணக்கான வீடுகளில் இது நடக்கிறது. இதுவரை யாரும் கிடைக்கவில்லை.

நீங்கள் கார்டை உருவாமல் வைத்திருந்ததற்கு நன்றி. இதை எழுதிவிட்டு, எழுதாமல் விட்டதையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அத்தை என்று கூப்பிட்டது பொய்யாகிவிடும்.

அன்றைக்கு ஹாலில் உங்கள் அண்ணன் எங்களை உட்கார வைத்துக் கேட்டார். உங்கள் மகனுக்கு வேறொருத்தியோடு பழக்கம் இருக்கிறது என்று நான் சொன்னேன். "இவளுக்குத்தான் வேற்றுக்கிரகத்தோட பழக்கம், புருஷன், வீடு எதுவும் கண்ணுல படறதில்ல. அதனாலதான் இப்படியெல்லாம் தோணுது" என்று உங்கள் மகன் சொன்னார். உங்கள் அண்ணன் உங்களைப் பார்த்து, "நீ இந்த வீட்லயே இருக்கறவ. யார் சொல்றது நெசம்?" என்று கேட்டார். நீங்கள் ஃபேனைப் பார்த்தீர்கள். ரொம்ப நேரம் பார்த்தீர்கள். உங்கள் அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "அனுசரிச்சுப் போகணும்மா" என்றார். அவர் உங்கள் மௌனத்துக்கு ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அன்றைக்கே என் பக்கம் தோற்றுப்போய்விட்டது.

உங்கள் மகன் பொய் சொன்னது எனக்கு இப்போது வலிக்கவில்லை. நீங்கள் பேசாமல் இருந்தது வலிக்கிறது.

மருமகள் என்று போட்டுக்கொள்ள இன்னும் கை வரவில்லை.

*

மார்ச் 12

அம்மாடி,

மௌஸைத் தொடுவதில்லை. துடைக்கும்போதும் சுற்றித்தான் துடைக்கிறேன்.

நீ எழுதியதற்குப் பதில் சொல்கிறேன். இது மன்னிப்பு இல்லை, அப்படி எடுத்துக்கொள்ளாதே.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் சூப்பர்வைசர் அம்மா சொன்னது, லைனில் காதில் விழுகிறது காதோடு சரி, ஆபரேட்டருக்கு வாய் கிடையாது. அந்த ஊரில் எத்தனை வீட்டுக் கதை என் காதில் விழுந்திருக்கும்? யாருக்குக் கடன், யாருக்கு வியாதி, யார் யாரை ஏமாற்றுகிறார்கள், எல்லாம் தெரியும். தெருவில் அவர்களைப் பார்த்தால் முகத்தில் ஒன்றும் காட்டாமல் போவேன். ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் பேசுகிற மாமியார்களை நிறையப் பார்த்தவள் நான். அவர்கள் பேசிப் பேசியே எத்தனை குடும்பம் இரண்டாகியிருக்கிறது தெரியுமா?

அவன் சரி என்று நான் சொல்லவில்லை. நீ தப்பு என்றும் சொல்லவில்லை. நான் நடுவில் இருந்தேன்.

நேற்று ஒரு பொட்டலம் போயிற்று. நீ பார்த்திருப்பாய்.

அத்தை

*

ஏப்ரல் 2

அத்தைக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை, கோபமாக இருந்தேன். நடுவில் இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வீடு எக்ஸ்சேஞ்ச் இல்லை அத்தை. பேசிக்கொண்டிருந்தவர்கள் முன்பின் தெரியாதவர்களும் இல்லை. நான் உங்களோடு ஒரே அடுப்பில் சமைத்தவள். சரி, போகட்டும். கோபமாக இருந்தபோதும் பிரௌசிங் சென்டருக்குப் போய்ப் பொட்டலம் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வந்திருந்தால், அத்தை காலையில் எழுந்து நடமாடுகிறார் என்று அர்த்தம். அவ்வளவு தெரிந்தால் போதும் என்று கிளம்பிவிடுவேன்.

இப்போது ஒரு விஷயம். இதை முதலில் உங்களிடம் சொல்கிறேன் என்பது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

எங்கள் லேப் ஐந்தாவது மாடி. லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணும். போன மழைக்காலத்தில் ஒரு நாள், முடித்த பல் செட்டுகளை டப்பாவில் எடுத்துக்கொண்டு இறங்கும்போது நடுவில் மாட்டிக்கொண்டேன். லிஃப்ட் மெக்கானிக் வந்து கதவைப் பிளந்து கையை நீட்டினார். முதலில் டப்பாவைக் கொடுத்தேன். மூடி திறந்துகொண்டது. ஏழெட்டுப் பேருடைய பல் அவரைப் பார்த்துச் சிரித்ததும் மனிதர் போட்ட சத்தத்தில் எல்லா மாடியிலிருந்தும் ஆள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த லிஃப்ட் கெட்டுப்போகாமலே அவர் பார்க்க வர ஆரம்பித்தார்.

நல்லவர். அதிகம் பேசுவார், ஆனால் எதையும் ஒளிக்கத் தெரியாது. எனக்கு அது போதும் என்று தோன்றுகிறது. அவருக்கு அம்மா அப்பா இல்லை, அக்காதான் வளர்த்தார். பள்ளிக்கூட டீச்சர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். என்னை நேரில் பார்த்து, "உன்மேல எனக்கு எந்தக் குறையும் இல்லம்மா. ஆனா ஒரு கல்யாணம் முறிஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் கேக்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன்" என்றார். அவர் சரி என்று சொல்லாமல் இவரும் சொல்ல மாட்டார். அப்படிப்பட்ட தம்பியாக இல்லாவிட்டால் எனக்கு இவரைப் பிடித்திருக்காது.

அந்த அக்கா விலாசம் கேட்டார். உங்கள் மகனிடம் போனால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் விலாசத்தைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நேராக வந்து இதை எழுதுகிறேன்.

என் தரப்பில் பேச எனக்கு வேறு யாரும் இல்லை. அப்பா அம்மா போய்விட்டார்கள், அண்ணன் எந்தக் கடலில் எந்தக் கப்பலில் இருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. என்னை நல்லவள் என்று சொல்லும்படி உங்களைக் கேட்கவில்லை. உங்கள் மகனைக் கெட்டவர் என்று சொல்லும்படியும் கேட்கவில்லை. பெற்றவளிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வராது. உங்கள் மனசில் பட்டது எதுவோ அதைச் சொல்லுங்கள். ஆனால் தயவுசெய்து ஃபேனைப் பார்க்காதீர்கள், அத்தை. நீங்கள் பேசாமல் இருந்தால் அதற்கு அந்த அக்காவும் ஓர் அர்த்தம் வைத்துக்கொள்வார்.

பயத்தோடு,
பழைய மருமகள்

*

ஏப்ரல் 21

அத்தைக்கு,

இந்த வார்த்தையை மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை.

டீச்சர் உங்கள் வீட்டுக்கு வந்து போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். திரும்பி வந்ததும், "பரீட்சையெல்லாம் முடியட்டும், சொல்றேன்" என்று மட்டும் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். நல்ல பதிலை யாரும் பரீட்சை முடியும் வரை பூட்டி வைப்பதில்லை. லிஃப்ட்காரர் என்னைத் தேற்றுகிறேன் என்று வந்து என்னைவிட அதிகமாகக் கலங்கிப்போய்த் திரும்புகிறார்.

டீச்சர் வந்து போன மறுநாளிலிருந்து பொட்டலமும் வரவில்லை. முதலில் நாட்களைத் தப்பாகப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். தினமும் போய்ப் பார்த்தேன். பிரௌசிங் சென்டர்காரர், "என்னக்கா, ரிசல்ட்டு எதுவும் வரணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பிறகு எனக்கே கேவலமாக இருந்தாலும் பூத்துக்குப் போய் உங்களுக்குப் போன் செய்தேன். எங்கேஜ்டு. மறுநாளும் எங்கேஜ்டு. காலையில், மதியத்தில், எப்போது அடித்தாலும் எங்கேஜ்டு. நீங்கள் போனில் இவ்வளவு பேசுகிறவர் இல்லை. உங்கள் மகன் பேசுகிறார் போலிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். தாயும் பிள்ளையும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள், மெஷினையும் அணைத்திருப்பீர்கள். அணைக்கும் முறையை எழுதிக் கொடுத்தவளே நான்தானே.

எனக்குக் கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது, அது வேறு. அந்த வீட்டில் எனக்காக ஒரு விளக்கு எரிகிறது என்று இந்த இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு நன்றாக இருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று மட்டும் ஒரு வரி போட்டால் போதும். இனிமேல் அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி இல்லை.

*

ஏப்ரல் 26

அம்மாடி,

உன் கடிதம் இன்று காலை வந்தது. படித்துவிட்டு என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

டீச்சர் ஒரு சனிக்கிழமை வந்தார். செருப்பை வாசலில் நேராக வைத்துவிட்டு உள்ளே வந்து, நான் கொடுத்த டீயை முழுசாகக் குடித்துவிட்டு, "சுத்தி வளைக்காம கேக்கறேம்மா. அந்தப் பொண்ணு இந்த வீட்ட விட்டு ஏன் போச்சு?" என்று கேட்டார்.

நான் ஃபேனைப் பார்த்தேன். ஆமாம், நீ வேண்டாம் என்று எழுதிய அதே ஃபேன். சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்தவள்தான். ஆனால் கேள்வி வந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, "புரிஞ்சுதும்மா. உங்களுக்குச் சொல்ல சங்கடமா இருக்கு. நான் வற்புறுத்தல" என்றார்.

என்ன புரிந்தது அவருக்கு? நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது! என் அண்ணனுக்கு அன்றைக்குப் புரிந்த அதே லட்சணத்தில் புரிந்துவிட்டது. அந்த நிமிஷம் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டீச்சர் வாசலில் ஒரு செருப்பை மாட்டிவிட்டார். "லைன்ல இருங்க!" என்று கத்திவிட்டேன். நேரில் நிற்கிற மனுஷியிடம். அவர் ஒரு காலில் செருப்போடு திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் பேசினேன். "எம் மகன் சொன்னது பொய். வீட்டைக் கவனிக்காததால அவன் போகல. அந்தப் பொண்ணு பகல் முழுக்க பல்லு செஞ்சிட்டு வந்து ராத்திரி எனக்குக் கால் பிடிச்சு விட்டா. இந்த மெஷின் ஓடினது அவ தொடாத நேரத்துலதான். இந்த மெஷின் வீட்டுக்கு வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாலயே அவன் வேற ஒருத்தியோட பேசிட்டிருந்தான். நான் போன எடுத்தா அவ வச்சிடுவா. ஒரு நாள் அவசரத்துல, நீங்களான்னு கேட்டுட்டா. ஒரு தடவ காதுல விழுந்த குரல் எனக்கு மறக்காது. இப்ப அவன் கட்டிக்கிட்டது அந்தக் குரலத்தான்."

டீச்சர் திரும்பி வந்து உட்கார்ந்தார். செருப்பை மாட்டியிருப்பதை மறந்துவிட்டார், நானும் சொல்லவில்லை. "இத நீங்க அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதனால் உனக்கும் இப்போதுதான் தெரிகிறது. உன் தலையில் ஒன்றும் கோளாறு இல்லை, நீ சொன்னது அத்தனையும் நிஜம், எனக்கு அன்றைக்கே தெரியும்.

அந்தச் சமயம் பார்த்து மெஷினில் பெட்டி வந்தது. நான் எழுந்து போய் "சரி" அழுத்தினேன். கீச் கீச் என்றதும் டீச்சர் பயந்துவிட்டார். என்ன இது என்று கேட்டார். "எம் மருமகளோட வேலை. அவ பேர்ல ஓடுது, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பொண்ணு பக்கம் பேசி முடிக்க யார் இருக்காங்க?" என்று கேட்டார். "நான் இருக்கேன்" என்றேன். "நீங்க எந்த முறையில..." என்று இழுத்தார். "அத்தை முறையில" என்றேன். அவர் சிரித்தே விட்டார்.

பரீட்சை முடிந்து லீவு விட்டதும் தம்பியை அழைத்துக்கொண்டு முறைப்படி என்னிடம் வந்து கேட்கப் போகிறாராம். அதுவரை தம்பியிடம் சொல்லப் போவதில்லை, அவன் வாயில் எதுவும் நிற்காது என்றார். உனக்கு நானே எழுதிச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைத்தான் இத்தனை நாள் காப்பாற்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் நானே என் மகனுக்குப் போன் செய்தேன். அவனைப் பற்றி வெளி ஆளிடம் பேசிவிட்டு அவனிடம் மறைத்தால் அது கோள் சொல்வது ஆகிவிடும். "உன்னப் பத்தி இன்னின்னது சொன்னேன்" என்று ஒன்று விடாமல் சொன்னேன். "பெத்த தாயா நீ?" என்றான். வைத்துவிட்டேன். மறுபடி அடித்தான். மறுபடி மறுபடி. எடுத்தால் கத்தினான், எடுக்காவிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ரிசீவரை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன். அது ஊளையிட்டது. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

எக்ஸ்சேஞ்சில் நாங்கள் யாரைத் திட்டுவோம் தெரியுமா? ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு லைனை அடைத்துக்கொள்கிறவர்களை. நான் அதைச் செய்தேன்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்தால் அவன் சின்ன வயசு முகம்தான் வந்தது. சரியானதைத்தான் செய்தேன், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அவன் என் பிள்ளை, வலிக்கிறது. நீ அதைப் புரிந்துகொள்வாய்.

மெஷினை நான் அணைக்கவில்லை. அது அடுத்த பொட்டலத்தை முடித்துவிட்டு அனுப்பட்டுமா என்று கேட்டது. நானும் "சரி" அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். லைன் கிடைக்கவில்லை, பிறகு முயல்கிறேன் என்று மறுபடி மறுபடி எழுதிக் காட்டிற்று. எனக்கு இருந்த மனநிலையில் அதற்கும் அந்தத் துண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. மெஷின் கெட்டுவிட்டது, அதற்கும் என்மேல் கோபம் என்று நினைத்தேன். லைனே வாழ்க்கையாக இருந்தவள் செய்கிற காரியமா இது! உன் கடிதத்தில் எங்கேஜ்டு என்ற வார்த்தையைப் படித்த பிறகுதான் போய்த் துண்டை எடுத்தேன்.

ஆகவே நீ புரிந்துகொண்டதும் தப்பு. டீச்சரிடம் கத்தியதையே உனக்கும் சொல்கிறேன், லைனில் இரு, ஒன்றும் கேட்கவில்லை என்றால் எதிர்ப்பக்கம் ஆளில்லை என்று முடிவு கட்டாதே. இங்கே வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

ரிசீவரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தேன். உடனே பொட்டலம் போயிற்று, கீச் கீச் கேட்டேன், புதுசு ஒன்று வந்து இறங்கிவிட்டது. இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே நீ கணக்கில் பார்த்திருப்பாய். நாளைக்கு அவன் கூப்பிட்டாலும் எடுப்பேன், கத்தினால் கேட்டுக்கொள்வேன்.

உன் பக்கத்து நம்பர் எதுவும் என்னிடம் இல்லை, நானாகக் கூப்பிட முடியாது. கடிதம் கைக்கு வந்ததும் அந்தப் பூத்துக்குப் போ. முக்கியமான விஷயத்தைப் போனில் பேசக்கூடாது என்று நான் எழுதியதை மறந்துவிடு, யார் ஒட்டுக்கேட்டாலும் கேட்கட்டும். நான் மெஷின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மௌஸைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன். லைன் காலியாக இருக்கிறது. கூப்பிடு.

அத்தை